பேக்பேக்கா, டஃபிளா, ட்ராலியா: வெளியூர் ஓட்டத்துக்கு எந்தப் பை?

வெளியூர் மாரத்தானுக்குப் பேர் கொடுத்தாயிற்று, டிக்கெட்டும் உறுதியாகிவிட்டது. ஓட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையிலோ, திருப்பூர், ஈரோடு பக்கம் சேர்ந்து ஓடுகிறவர்கள் நடுவிலோ இந்தக் கேள்வி கட்டாயம் வரும்: "ஏனுங்க, எந்தப் பையத் தூக்கிட்டுப் போறது? வீட்ல ட்ராலி சும்மாதான் கெடக்குது, அது போதுங்களா? இல்ல டஃபிள் ஒண்ணு வாங்கிக்கட்டுங்களா?"

உள்ளூர் ஓட்டமாக இருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. பிப் (ஓட்டக்காரரின் எண் அச்சிட்ட தாள்) குத்திய டி-ஷர்ட்டை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு வண்டியில் போய் இறங்கலாம். வெளியூர் என்றால் கணக்கு வேறு. சென்னை மாரத்தானையே எடுத்துக்கொள்வோம். ஜனவரியில், ஞாயிறு அதிகாலையில் ஓட்டம். வெள்ளி இரவு நீலகிரி எக்ஸ்பிரஸோ சேரனோ ஏறினால் சனிக்கிழமை விடிகாலையில் சென்னை. லாட்ஜில் அறை கிடைக்கும்வரை பை கையிலேயே. பிப் வாங்கப் போகும்போதும் பை கையிலேயே. ஞாயிறு ஓடி முடித்து, அறையைக் காலி செய்து, இரவு ரயில் வரைக்கும் மறுபடி பை கையில். திங்கள் காலை ஊரில் இறங்கி நேரே வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. ஆக, ஓடுவது சில மணி நேரம், பையைச் சுமப்பது மூன்று நாள்.

இங்கே ஒப்பிடப் போவது மூன்று பைகளை: 30 லிட்டர் கொள்ளளவுள்ள முதுகுப்பை, ஷூ வைக்கத் தனி அறையுள்ள டஃபிள் (ஜிம்முக்குக் கொண்டுபோகும் நீளத் துணிப் பை), விமானத்தில் கூடவே வைத்துக்கொள்ளும் அளவிலான சின்ன ட்ராலி. அப்புறம் பைக்குள்ளே சாமானை எப்படிப் பிரித்து வைப்பது என்பதையும் பார்க்கலாம். என்னைக் கேட்டால் பையைவிட அதுதான் பெரிய விஷயம்.

## முதலில் அளவுகோல்

கடையில் பை பார்க்கும்போது எத்தனை ஜிப், எத்தனை அறை, என்ன நிறம் என்று பார்க்கிறோம். ஓட்டக்காரரின் பை உண்மையில் சோதிக்கப்படுவது இரண்டு நேரங்களில். முதலாவது, ஞாயிறு அதிகாலை மூன்றரை மணி. அறையில் கூட வந்தவர் அரை மாரத்தான்காரர், அவருக்கு இன்னும் ஒரு மணி நேரத் தூக்கம் பாக்கி. விளக்குப் போட முடியாது. போன் வெளிச்சத்தில், தோல் உராயாமல் இருக்கத் தடவும் வாஸ்லினும் சாக்ஸும் கைக்கு வர வேண்டும். இரண்டாவது, ஓடி முடித்த பிறகு. சொட்டச் சொட்ட நனைந்த துணி, மண் ஒட்டிய ஷூ, மெடல், கொடுத்தனுப்பிய டி-ஷர்ட், சாப்பாட்டுப் பொட்டலம் எல்லாம் ஒரே பைக்குள் போக வேண்டும். சுமக்கப் போவதோ மடங்க மறுக்கிற கால்கள்.

இந்த இரண்டு நேரத்தையும் மனதில் வைத்தால் பார்க்க வேண்டியவை தாமாகவே வந்துவிடும்:

- இருட்டில் தேடாமல் எடுக்க முடிகிறதா
- ஈரம் ஒரு பக்கம், காய்ந்தது ஒரு பக்கம் என்று நிற்கிறதா
- ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் உடம்புக்கு எவ்வளவு சுமை
- ஷூவும் பிப்பும் கண்ணைவிட்டுப் போகாமல் இருக்குமா
- விலை, அதற்குமேல் பின்னால் வரும் செலவு

எவ்வளவு சாமான் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு ஜோடி ஓட்ட ஷூ அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. செருப்பு, இரண்டு செட் துணி, துண்டு, சோப்புச் சாமான், சார்ஜர், பவர் பேங்க், ஓடும்போது தெம்புக்குச் சாப்பிடும் ஜெல் எல்லாம் சேர்த்தாலும் ஒரு இரவுத் தங்கலுக்கு நான்கு, நாலரை கிலோவில் முடிந்துவிடும். அதற்குமேல் போகிறதென்றால் "இருக்கட்டும், எதுக்கும் வெச்சுக்குவோம்" என்று போட்ட சாமான் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

## முதுகுப்பை

தனியாக ரயிலில் போய் ஒரு இரவு தங்கி வருகிறவருக்கு முதல் தேர்வு இதுதான். இரண்டு கையும் சும்மா இருக்கும். நடைமேடை மாறப் படி ஏறினாலும், மின்சார ரயில் கூட்டத்தில் நின்றாலும், ஆட்டோவில் ஒடுங்கி உட்கார்ந்தாலும் தனியாக ஒரு சாமான் இருக்கிற நினைப்பே வராது. இரவு ரயிலில் மேல் பர்த் கிடைத்தால் தலைமாட்டில் வைத்துப் படுக்கலாம். கீழே வைத்த ஷூ யார் காலில் போயிற்றோ என்ற கவலை இல்லை.

இதில் பலர் கவனிக்காத வசதி ஒன்று, லேப்டாப் வைக்கும் அறை. இப்போது பெரும்பாலான ஓட்டங்களில் நேரம் கணிக்கும் சிப்பை பிப்பின் பின்புறமே ஒட்டித் தருகிறார்கள். அதை மடிக்கக் கூடாது. டஃபிளில் போட்டால் துணிக்கு நடுவே நசுங்கும், கையில் வைத்திருந்தால் எங்காவது மறந்துபோகும். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் ஃபைல் கவர் ஒன்றில் பிப், நான்கு ஊக்கு, அடையாள அட்டை நகல், பதிவுச் சீட்டு எல்லாவற்றையும் வைத்து லேப்டாப் அறையில் செருகிவிட்டால் ஞாயிறு காலைவரை அதைப் பற்றி நினைக்க வேண்டாம். பெரிய ஓட்டங்களில் ஓட்ட நாளன்று பிப் தர மாட்டார்கள். அசல் அடையாள அட்டையும் காட்டச் சொல்வார்கள். அதனால் அந்தக் கவர் போகும்போதே தயாராக இருக்க வேண்டும்.

குறை எங்கே? மேல்பக்கம் மட்டும் திறக்கிற பையில் சாமான் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கும். வேண்டியது எப்போதும் அடியில் இருக்கும். மூன்றரை மணிச் சோதனையில் முதலில் தோற்பது இந்த வகைதான். மூன்று பக்கமும் ஜிப் ஓடி, பெட்டி போல விரிந்து திறக்கும் முதுகுப்பைகள் இப்போது கிடைக்கின்றன. புதிதாக வாங்குகிறவர்கள் அதைப் பாருங்கள். இருப்பது பழைய மாடல் என்றால் தூக்கி எறிய வேண்டியதில்லை. உள்ளே சின்னப் பைகளாகப் பிரித்து வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அதற்குப் பின்னால் வருகிறேன்.

இன்னொரு சங்கதி, ரயில் நிலைய கிளோக் ரூம். பூட்டாத சாமானை அங்கே வாங்க மாட்டார்கள், பயணச் சீட்டும் கேட்பார்கள். லாட்ஜைக் காலி செய்துவிட்டு இரவு ரயில் வரைக்கும் கையை வீசிக்கொண்டு சுற்றலாம் என்று திட்டமிடுகிறவர்கள், இரண்டு ஜிப்பையும் சேர்த்துப் பூட்டும்படியான பையையும் ஒரு சின்னப் பூட்டையும் வைத்திருக்க வேண்டும். வாய்க்குக் கயிறு மட்டும் உள்ள டிரெக்கிங் பையென்றால் அங்கே கதை நடக்காது.

கழுத்து வலி, தோள்பட்டைப் பிடிப்பு உள்ளவர்களுக்கு முதுகுப்பை ஒத்துவராது. சனிக்கிழமை முழுக்கச் சுமந்தால் மறுநாள் பதினைந்தாவது கிலோமீட்டரில் தோள் ஞாபகப்படுத்தும். மற்றபடி, 45 லிட்டர், 50 லிட்டர் என்று பெரிதாக வாங்கும் ஆசையைத் தவிர்ப்பது நல்லது. பையில் இடம் இருந்தால் நிரப்பாமல் விட மனசு வராது.

ஆரோவில் மாரத்தான் மாதிரி ஓட்டங்களுக்கு இதைத் தவிர வேறு யோசனையே வேண்டாம். பிப்ரவரியில், செம்மண் பாதையில் நடக்கும் ஓட்டம் அது. புதுச்சேரியில் இறங்கி வாடகை ஸ்கூட்டரில் போகிறவருக்குச் சக்கரம் வைத்த பை வெறும் பாரம்.

## டஃபிள்

டஃபிளின் பலம் அதன் அகன்ற வாய். ஒரே இழுப்பில் முழுப் பையும் திறக்கும், எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். இருட்டில் எடுக்க வேண்டுமென்றால் மூன்றிலும் இதுவே சுலபம். துணியால் ஆனது என்பதால் கீழ் பர்த்துக்கு அடியிலும், கார் டிக்கியின் மூலையிலும் எப்படியாவது நுழைந்துகொள்ளும். ஜிம்முக்குப் போகிற பாதிப் பேர் வீட்டில் ஏற்கனவே ஒன்று இருக்கும், ஆகவே செலவும் இல்லை.

பலரும் இதை வாங்குவதே பக்கவாட்டில் இருக்கும் ஷூ அறைக்காகத்தான். அந்த அறையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். வெளியே தனி ஜிப் இருந்தாலும், அது தனியாக ஒட்டிய அறை இல்லை. பையின் வயிற்றுக்குள் நீளும் ஒரு துணிச் சுருக்கு, அவ்வளவுதான். பத்தாம் நம்பர் ஷூவை உள்ளே தள்ளினால் அது முக்கிய அறையின் இடத்தில் கால்வாசியையாவது தின்றுவிடும். காலிப் பையில் பார்த்த இடம் நிரம்பிய பையில் இருக்காது. அந்த அறையின் உள்பக்கத் துணி பெரும்பாலும் காற்றுப் போகாத ரகம். ஓடி முடித்த ஈர ஷூவை அங்கே பூட்டி ஒரு இரவு ரயிலில் வந்தால், ஊரில் இறங்கியதும் ஜிப்பைத் திறக்கிறவர் முகம் கோணும். காற்றோட்டத்துக்கு வலைக்கண் வைத்த மாடலா என்று பார்த்து வாங்குவது நல்லது. இல்லையென்றால் ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஓரிரு மணி நேரம் கழித்து மாற்றிவிட்ட பிறகு உள்ளே வையுங்கள்.

தோள்பட்டை வார் ஒற்றை என்பதுதான் பெரிய குறை. சுமை ஒரு பக்கமாக இழுக்கும், நடக்கும்போது பை தொடையில் இடித்துக்கொண்டே வரும். லாட்ஜ் வாசலிலிருந்து வண்டிவரை தூக்குவதற்குச் சரி. சென்ட்ரலில் இறங்கி, பிப் வாங்கி, அறை தேடி அலைவதற்குச் சரிப்படாது. முதுகில் மாட்டும்படி இரண்டு வார் உள்ள டஃபிள்களும் இருக்கின்றன. முதுகுப்பை, டஃபிள் இரண்டுக்கும் நடுவில் தடுமாறுகிறவர்களுக்கு அது நல்ல சமரசம். ஆனால் இடுப்பில் உட்காராமல் தொங்கும் என்பதால் நீண்ட நடைக்கு முதுகுப்பையின் சுகம் வராது.

டஃபிளுக்கான களம், நாலைந்து பேர் சேர்ந்து காரிலோ டெம்போ டிராவலரிலோ போகும் மலை ஓட்டங்கள். பொள்ளாச்சியிலிருந்தோ கோபியிலிருந்தோ ஊட்டி, ஏற்காடு பக்கம் போகிறோம் என்றால் எடையும் நடையும் ஒரு பிரச்சினையே இல்லை. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர். அதிகாலைக் குளிருக்கு ஜெர்கின், குல்லா, கையுறை என்று புசுபுசுவென்ற சாமான் கூடும். அதையெல்லாம் அமுக்கித் திணிக்க டஃபிள் மாதிரி வராது. ஒன்று மட்டும்: எல்லோரும் ஒரே கறுப்பு டஃபிளோடு வருவார்கள். கைப்பிடியில் கலர் துணி ஒன்றைக் கட்டிவிடுங்கள்.

## ட்ராலி

தட்டையான தரையில் ட்ராலியை அடித்துக்கொள்ள ஆளில்லை. விமான நிலையம், லிஃப்ட் உள்ள ஓட்டல், வாசலில் வந்து நிற்கும் டாக்ஸி என்ற வரிசையில் போகிறவருக்கு ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் உடம்பில் சுமையே ஏறாது. உள்ளே துணி கசங்காது. ஓட்டம் முடிந்து திங்கட்கிழமை அதே ஊரில் ஆபீஸ் மீட்டிங் என்றால் இஸ்திரி போட்ட சட்டைக்கும் இடம் இருக்கும்.

விமானத்தில் எடைக் கணக்கு வேறு மாதிரி. உள்நாட்டு விமானங்களில் கூடவே வைத்துக்கொள்ளும் பைக்குப் பொதுவாக 7 கிலோ, கவுன்டரில் கொடுத்தனுப்பும் செக்-இன் சாமானுக்கு 15 கிலோ என்பதே வழக்கமான அளவு. சின்ன ட்ராலி காலியாகவே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். மீதி நான்கு கிலோவுக்குள் நம் சாமான் அடங்க வேண்டும். போகும்போது அடங்கிவிடும், திரும்பும்போது ஈரத் துணி, மெடல், கொடுத்த டி-ஷர்ட், வீட்டுக்கு வாங்கிய இனிப்பு என்று கூடிவிடும். கவுன்டரில் எடை போட்டு, "இதைச் செக்-இன்னில் போட்டுடுங்க சார்" என்பார்கள். முதுகுப்பையின் காலி எடை ஒரு கிலோவுக்குள்தான் என்பதால் அதே 7 கிலோவில் ஆறு கிலோ நமக்கு மிஞ்சும்.

செக்-இன்னில் போட்டால் என்ன? திரும்பும்போது தாராளமாகப் போடுங்கள். போகும்போது ஷூவும் ஓட்டத் துணியும் உள்ள பையை மட்டும் கையைவிட்டு விடவே கூடாது. சோப்பு, பேன்ட், சட்டை தொலைந்தால் எந்த ஊரிலும் வாங்கிக்கொள்ளலாம். பல மாதம் ஓடிப் பழகிய ஷூவை, மும்பை மாரத்தான் நடக்கும் ஜனவரி மூன்றாம் ஞாயிறுக்கு முந்தைய இரவு அந்த ஊரில் எங்கே போய்த் தேடுவது? விமானத்தில் ஓட்ட ஷூவைக் காலில் போட்டுக்கொண்டு ஏறுவதுதான் உத்தமம். எடையும் மிச்சம், பயமும் மிச்சம். இரவு ரயிலில் அதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். காலில் செருப்பு, ஷூ பைக்குள். கழிவறைப் பக்கத் தண்ணீரில் நனைந்த ஷூவோடு ஓட்டத்துக்குப் போகிற விதி யாருக்கும் வேண்டாம். பவர் பேங்க் செக்-இன் சாமானில் போகக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும். கடைசி நேரத்தில் பையை மாற்றிக் கொடுக்கும்போது அதை வெளியே எடுக்க மறப்பது சகஜம்.

ரயிலில் ட்ராலி எப்படி? எடை ஒரு தடையே இல்லை, ஸ்லீப்பரில் 40 கிலோ வரைக்கும் இலவசம். தடை படிக்கட்டு. 42 கிலோமீட்டர் ஓடிய தொடைக்குப் படி ஏறுவதைவிட இறங்குவதுதான் நரகம் என்பது ஓடியவர்களுக்குத் தெரியும். எஸ்கலேட்டர் நின்றுபோன நடைமேம்பாலத்தில் ஒரு கையில் கம்பி, மறு கையில் ட்ராலி என்று பக்கவாட்டில் நண்டு நடை போட வேண்டியிருக்கும். ஆம்னி பஸ்ஸில் ட்ராலி கீழே டிக்கிக்குப் போய்விடும். அதாவது ஷூ மறுபடியும் கண்ணைவிட்டுப் போகிறது. லாட்ஜ் அறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ட்ராலியை விரிக்க இடமிருக்காது. கட்டில்மேல்தான் விரிக்க வேண்டும், அங்கே ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

## ஒரே பார்வையில்

| பார்க்க வேண்டியது | முதுகுப்பை | டஃபிள் | ட்ராலி |
|---|---|---|---|
| இருட்டில் எடுப்பது | மேல்திறப்பு என்றால் சிரமம், விரிந்து திறந்தால் நல்லது | மிகச் சுலபம் | விரிக்க இடம் வேண்டும் |
| ஈரம் பிரிப்பது | உள்ளே தனிப் பை வேண்டும் | ஷூ அறை உண்டு, காற்றோட்டம் பார்க்க வேண்டும் | ஒரு பாதியை ஒதுக்கலாம் |
| படிக்கட்டு, கூட்டம் | சிறப்பு | சுமார் | மோசம் |
| 7 கிலோ வரம்பு | தாராளம் | தாராளம் | இழுபறி |
| பிப் மடங்காமல் | லேப்டாப் அறை | ஃபைல் கவர் இருந்தாலும் கவனம் தேவை | அடியில் தட்டையாக வைக்கலாம் |
| கூடுதலாக வரும் செலவு | உள் பைகள், பூட்டு | ஆட்டோ, வாடை போக்கத் துவைப்பு | கூடவே ஒரு சின்னப் பை |
| எங்கே ஜெயிக்கும் | தனியாக, ரயிலில், ஒரு இரவு | குழுவாக, காரில், மலைக்கு | விமானம், குடும்பம், பல நாள் |

## பைக்குள்ளே: வகைப்படியா, நேரப்படியா?

வீட்டில் பீரோ அடுக்குவது வகைப்படி. துணி ஒரு பக்கம், உள்ளாடை ஒரு பக்கம், மருந்து மாத்திரை ஒரு டப்பாவில். அதே பழக்கத்தில் பயணப் பையையும் கட்டுகிறோம். அதன் பலன், ஓட்டத்துக்குக் கிளம்ப ஐந்து இடத்தில் கை விட வேண்டும். டி-ஷர்ட் துணிப் பையில், வாஸ்லின் சோப்புப் பையில், ஜெல் தீனிப் பையில், வாட்ச் சார்ஜர் பையில்.

நேரப்படி கட்டினால் வேளைக்கு ஒரு பை. காலைப் பையில் ஓட்டத்துக்கு வேண்டிய எல்லாமும் இருக்கும்: டி-ஷர்ட், ஷார்ட்ஸ், உள்ளாடை அல்லது ஸ்போர்ட்ஸ் பிரா, சாக்ஸ், தொப்பி, வாட்ச், ஜெல், வாஸ்லின், மைக்ரோபோர் டேப். பெண்கள், தேதி தள்ளியிருந்தாலும், இரண்டு நாப்கினை இதில் வைத்துவிடுவது நிம்மதி. கடைசியாகப் போடுவதை அடியிலும் முதலில் வேண்டியதை மேலேயும் வைக்க வேண்டும். துணி மாட்டும் முன்னால் வாஸ்லின் தடவியாக வேண்டும், ஆகவே அது உச்சியில். "முடிந்த பிறகு பை"யில் காய்ந்த ஒரு செட் துணி, துண்டு, எலெக்ட்ரால் பாக்கெட், கொஞ்சம் சில்லறைப் பணம், ஈரத்துக்கான காலிப் பை. எலெக்ட்ரால் பெரிய பாக்கெட் ஒன்று ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. அரை லிட்டர் பாட்டிலில் முழுவதையும் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அது தப்பு. மற்றதெல்லாம், அதாவது ராத்திரி உடுப்பு, சோப்பு, சார்ஜர், எப்படிக் கிடந்தாலும் குடி முழுகாது.

வகைப்படி கட்டுவதே மேல் என்கிற இடமும் உண்டு. லடாக் மாரத்தானுக்குப் போகிறவர் 3,500 மீட்டர் உயர லே நகரத்தில் உடம்பு பழகுவதற்கே பல நாள் முன்னதாகப் போய்த் தங்க வேண்டும். அங்கே தினமும் ஓடுவதும் துவைப்பதும் நடக்கும். அத்தனை நாளுக்கும் நேரப்படி பை கட்டிக்கொண்டிருக்க முடியாது. துணியை வகைப்படி அடுக்கி, ஓட்ட நாளுக்கான ஒரு பையை மட்டும் முதல் நாளே கட்டி மூடி வைத்துவிட்டால் போதும்.

சரி, இந்தச் சின்னப் பைகளை எதில் செய்வது? கடைகளில் ஜிப் வைத்த சதுரப் பைகள் செட்டாக விற்கிறார்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் நம் ஊரில் அதற்குக் காசு கொடுப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. திருப்பூரில் பனியன் துணியின் கட்டிங் வேஸ்ட்டும் மீட்டர் துணியும் எடைக்குக் கிடைக்கும். தெருமுனை டெய்லரிடம் கொடுத்தால் சுருக்குப் பையாக அடித்துத் தருவார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கலரில் இருக்கட்டும், இருட்டில் போன் வெளிச்சத்திலும் வித்தியாசம் தெரியும். ஷூவுக்கும் இதே துணிதான் சரி, காற்றுப் போகும், துவைக்கலாம்.

ஈரத்துக்கு இரண்டு வழி. ஜிப்லாக் கவர் தண்ணீரை வெளியே விடாது, காற்றையும் உள்ளே விடாது. ஓட்டத் திடலிலிருந்து அறைக்கு வரும்வரைக்கும் அது போதும். அறையில் அலசிப் பிழிந்துவிட்டு, ஊர் திரும்பும்போது வலைத் துணிப் பையில் போட்டுப் பையின் வெளியே கட்டித் தொங்கவிடுவது மேல். கரூர் கொசுவலைக்குப் பேர்போன ஊர். பழைய கொசுவலைத் துண்டு ஒன்று வீட்டில் இருந்தால் அதுவே பை. பாலியெஸ்டர் டி-ஷர்ட் இரவு முழுக்கத் தொங்கினால் ஈரோடு வருவதற்குள் முக்கால்வாசி காய்ந்திருக்கும். பருத்தி டி-ஷர்ட் காயாது, எடையும் குறையாது. துண்டும் அப்படித்தான்: தேங்காய்ப்பூத் துண்டை வீட்டில் விட்டுவிட்டு ஈரிழைத் துண்டு எடுத்துப் போங்கள். கால்வாசி இடம், சீக்கிரம் காயும், மலை ஓட்டத்தில் கழுத்தில் சுற்றிக்கொள்ளவும் ஆகும்.

ஜெல் பாக்கெட்டையும் கடலை மிட்டாயையும் எப்போதும் தனி ஜிப்லாக்கில் வையுங்கள். ஒரு பாக்கெட் உடைந்தாலும் பை முழுக்கப் பிசுபிசுப்பு. வாழைப்பழத்தை ஊரிலிருந்து பையில் கொண்டுபோகும் எண்ணமே வேண்டாம். சனி சாயங்காலம் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். வாட்ச் சார்ஜரை மட்டும் மறக்காதீர்கள். கம்பெனிக்கு ஒரு மாடல் என்பதால் லாட்ஜ் ரிசப்ஷனில் கேட்டால் கிடைக்காது.

## ஓட்டத் திடலுக்கு எது போகும்

இங்கே பெரிய ஒப்பீடு எதுவும் தேவையில்லை. அறை நடக்கும் தூரத்தில் இருந்தால் எதையும் கொண்டு போகாதீர்கள். சாவியும் கொஞ்சம் பணமும் ஷார்ட்ஸ் பாக்கெட்டில் போதும். தூரமென்றால் "முடிந்த பிறகு பை"யை மட்டும் சாமான் கவுன்டரில் கொடுங்கள். முழு முதுகுப்பையையும் கொடுக்கலாம் என்று நம்பிப் போகக் கூடாது. சில ஓட்டங்களில் அவர்கள் தரும் பையைத் தவிர வேறெதையும் வாங்குவதில்லை. முந்தைய ஓட்டத்தில் கொடுத்த கயிற்றுப் பை வீட்டில் நாலைந்து கிடக்கும், அது இந்த வேலைக்குச் சரியான அளவு. மஞ்சப்பை மேல் எனக்கு எவ்வளவு பிரியம் இருந்தாலும் கவுன்டருக்கு அது ஆகாது. வாய் மூடாது, நூற்றுக்கணக்கான பைக்கு நடுவில் சரிந்து எல்லாம் கொட்டும். ரயிலில் பழமும் தண்ணீர் பாட்டிலும் வைக்க அதை எடுத்துப் போகலாம். போன், நல்ல வாட்ச், பணம் எதையும் கவுன்டர் பையில் வைக்காதீர்கள்.

தொடக்கமும் முடிவும் வேறு வேறு இடத்தில் இருக்கும் ஓட்டங்களில், பை எங்கே கொடுக்க வேண்டும், எங்கே வாங்க வேண்டும் என்பதை முன்னாடியே படித்துக்கொள்ளுங்கள்.

## யாருக்கு எது

தனியாக, இரவு ரயிலில், சென்னைக்கோ பெங்களூருக்கோ: விரிந்து திறக்கும் முதுகுப்பை, உள்ளே நேரப்படி துணிப் பைகள். சனிக்கிழமை காலை வந்தே பாரத்தில் போகிறவர்களுக்கும் இதேதான். தலைக்குமேல் தட்டில் வைத்துவிடலாம்.

நண்பர்களோடு காரில் மலைக்கு: டஃபிள். புதிதாக வாங்க வேண்டாம், ஜிம் பையே போதும்.

விமானத்தில் தனியாக, இரண்டு நாள்: முதுகுப்பையே. ட்ராலியைத் தொட வேண்டியதில்லை. பல நாள் தங்கல், லடாக், ஆபீஸ் வேலையும் சேர்த்து என்றால் ட்ராலி எடுங்கள். ஆனால் ஓட்டச் சாமான் தனியாக ஒரு சின்ன முதுகுப்பையில் உங்கள் மடியில் இருக்க வேண்டும்.

குடும்பத்தோடு போகிறவர்கள்தான் அதிகம் குழம்புகிறார்கள். மும்பைக்கு ஓட்டமும் சுற்றிப் பார்ப்பதுமாக மனைவி, குழந்தைகளோடு போகும்போது உங்கள் ஓட்டச் சாமானை வீட்டு ட்ராலிக்குள் கலந்துவிட்டால், சனி இரவு பத்து மணிக்கு மொத்தப் பெட்டியையும் கட்டிலில் கொட்டித்தான் சாக்ஸைத் தேட வேண்டியிருக்கும். பெரிய ட்ராலி குடும்பத்துக்கு, சின்ன முதுகுப்பை உங்களுக்கு என்று வீட்டிலேயே பிரித்துவிடுங்கள். அந்த முதுகுப்பையில் குழந்தைகளின் பிஸ்கட், பொம்மை, தண்ணீர் பாட்டில் எதுவும் ஏறாமல் பார்த்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம்.